பேர் முதல்ல, பாடம் அப்புறம்

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பெயர் இல்லாத எதையும் கையால்கூடத் தொடாத ஒருவரைப் பற்றி எழுதும்போது இது அபத்தம்தான். ஆனால் அது அவர் போட்ட உத்தரவு. ஒரு முறை பத்திரிகையிலிருந்து ஒருவர் வந்தார். ‘இருளை வென்றவர்’ என்று தலைப்பை வரும் வழியிலேயே முடிவு செய்துவிட்டு வந்திருந்தார். அதை வந்தவரே பெருமையாகச் சொல்லவும் செய்தார்.

“எனக்கு இருட்டும் தெரியாது, வெளிச்சமும் தெரியாதுங்க. அப்புறம் எதை ஜெயிச்சேன்? பரீட்சை வருது, படிக்கணும். நீங்க கெளம்புங்க.”

“உங்க பேராவது சொல்லுங்க மேடம்.”

“வேணாங்க. அந்தத் தலைப்புக்குக் கீழ என் பேர் வரக் கூடாது.”

வந்தவர் எழுந்து போன பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்களும் எங்கயாவது எழுதி வெச்சிடாதீங்க இன்ஜினியர் மேடம்” என்றார். எழுதுகிறேன். பெயரை மட்டும் விட்டுவிட்டு.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. திருச்சியில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். சனி, ஞாயிறுகளில் ஸ்ரீரங்கத்தில் இருந்த ஓர் ஒலி நூலகத்துக்குக் கணினி வேலை செய்து கொடுக்கப் போவேன். நூலகம் என்றால் சித்திரை வீதியில் ஒரு வீட்டின் மாடியறை, ஒரு பழைய கணினி, ஒரு ஹார்ட் டிஸ்க். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அந்த அறையை வாடகையில்லாமல் கொடுத்திருந்தார். நாங்கள் அவரை ‘சார்’ என்போம். பார்வையற்றவர்கள் அரசுத் தேர்வுகளுக்குப் படிப்பதற்காக, பாடங்களைத் தன்னார்வலர்கள் வாசித்துப் பதிவு செய்து அனுப்புவார்கள். பதிவுகளை மெமரி கார்டில் ஏற்றி, கேட்பவர்களுக்குக் கூரியரில் அனுப்புவோம். அவர்கள் அதைப் போனில் போட்டு, திரையில் விரலை நகர்த்தினால், போன் ஒவ்வொரு கோப்பின் பெயரையும் வாய்விட்டுச் சொல்லும். வேண்டிய பெயர் காதில் விழுந்ததும் தட்டினால் பாடம் ஓடும்.

வந்த பதிவுகளைக் கேட்டுத் தரம் பார்த்து, பெயர் வைத்து, அடுக்கி வைப்பது அவர் பொறுப்பு. அவருக்கும் பிறவியிலேயே பார்வை கிடையாது. முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். காந்தி மார்க்கெட் பக்கம் வீடு. அப்பா வெங்காய மண்டியில் மூட்டை தூக்குபவர். தினமும் காலையில் தனியாக பஸ் ஏறி ஸ்ரீரங்கம் வந்து இறங்குவார். வரலாற்றில் எம்.ஏ., பிறகு பி.எட். அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்வை ஒரு முறை எழுதி, நான்கு மதிப்பெண்ணில் விட்டிருந்தார். அடுத்த தேர்வு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாமல் காத்திருந்து, ஒருவழியாக அறிவிப்பு வந்திருந்த சமயம் அது.

பதிவுகளைப் பொறுத்தவரை அவருக்குக் கருணை கிடையாது. வாசிக்கிறவர் யாராக இருந்தாலும் முதலில் கோப்பின் முழுப் பெயரைச் சொல்ல வேண்டும். பாடம், அத்தியாயம், தலைப்பு, பகுதி எல்லாம். பிறகு மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணி இடைவெளி விட வேண்டும். அதற்குப் பிறகுதான் பாடம். நேராகப் பாடத்தில் குதித்த பதிவுகள் திரும்பிப் போகும். முப்பது நிமிடப் பதிவு என்றாலும் போகும்.

ஒரு அம்மாள், தில்லை நகரிலிருந்து வாசித்து அனுப்புகிறவர், போனில் மன்றாடினார். பேச்சு ஸ்பீக்கரில் ஓடியது.

“பேர்தான் ஃபைலுக்கு மேலயே இருக்கேம்மா. மறுபடி எதுக்கு வாயால சொல்லணும்?”

“மேல இருக்கிறது கழண்டு விழுந்தா?”

“எப்படி விழும்?”

“மூட்டை மேல சீட்டு ஒட்டினா மழையில போயிடும்னு எங்கப்பா சொல்லுவாருங்க. அதனால மண்டியில சாக்கு மேலயே மை வெச்சு எழுதுவாங்க. பேர் முதல்ல, பாடம் அப்புறம். இன்னொரு தடவ வாசிச்சு அனுப்புங்கம்மா. அப்படியே குக்கரையும் பார்த்துக்கோங்க. சேரர் முடியறதுக்குள்ள அஞ்சு விசில். பருப்பு குழைஞ்சிருக்கும்.”

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். மறுநாள் புதுப் பதிவு வந்தது. குக்கர் சத்தம் இல்லை.

மாடியறைக் கணினியில் அவருக்காகத் திரையைப் படித்துச் சொல்லும் குரலை முதல் முறை கேட்டபோது எந்திரம் பழுது என்று நினைத்தேன். அவ்வளவு வேகம். எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அவர் அந்த வேகத்தில் கேட்டுக்கொண்டே என்னோடு பேசுவார், மிளகாய் பஜ்ஜியும் சாப்பிடுவார். பஜ்ஜி ஆறிப் போயிருந்தால் மட்டும் குரலை நிறுத்திவிட்டுத் திட்டுவார்.

அவர் வைக்கும் பெயர்கள் எல்லாம் தமிழில் இருந்தன. எல்லாம் நீளம். ‘வரலாறு, சோழர்கள், ஊராட்சியும் குடவோலை முறையும், பகுதி மூன்று, பயிற்சிக் கேள்விகளுடன்’ என்பது ஒரே ஒரு கோப்பின் பெயர். இந்த ஒரு பெயர் எங்கெங்கே போய் என்னென்ன ஆகித் திரும்பி வந்தது என்று நான் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். எனக்கு எதற்கும் பட்டியல் வேண்டும்.

மின்னஞ்சலில் போனால்: கோடு கோடாக, கீழ்க்கோடுகள் மட்டும்.

பழைய ஒலித்தொகுப்பு மென்பொருளில்: ‘அப்படி ஒரு கோப்பு இல்லை.’ கோப்பு கண் முன்னால் இருக்கும்.

சுருக்கி ஒரே பொட்டலமாக்கி அனுப்பினால்: தலையில் கோடு போட்ட ஆங்கில ‘ஏ’, வட்டத்துக்குள் ‘ஆர்’, மறுபடி ‘ஏ’, மறுபடி வட்டத்துக்குள் ‘ஆர்’.

கடைசியாகச் சொன்னதை அவருடைய கணினி உரக்கப் படித்தது. “ஏ கிரேவ், ரிஜிஸ்டர்ட், ஏ கிரேவ், ரிஜிஸ்டர்ட்.” வட்டத்துக்குள் இருக்கும் ‘ஆர்’ பதிவு பெற்ற வணிகப் பெயருக்குப் போடும் முத்திரை. அவர் கேட்டு முடிக்கும்வரை காத்திருந்து, “ஏங்க, நம்ம சோழரை யாரோ பத்திர ஆபீஸ்ல ரிஜிஸ்டர் பண்ணிட்டாங்க போலிருக்கே” என்றார்.

சென்னையில் ஒரு அமைப்பு எங்களுக்கு இலவசமாக சர்வரில் இடம் தருவதாகச் சொன்னது. அதில் ஏற்றிவிட்டால் கார்டு அனுப்ப வேண்டியதில்லை, யார் வேண்டுமானாலும் எங்கிருந்தும் இறக்கிக்கொள்ளலாம். சாருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆனால் அந்த சர்வர் அவர் வைத்த பெயர்களை ஏற்கவில்லை. பாதிக்கு மேல் ‘பெயர் மிக நீளம்’ என்று திருப்பி அனுப்பியது. நான் காரணம் சொன்னேன்.

“ஒரு பேருக்கு இருநூத்தி அம்பத்தஞ்சு இடம்தான் அக்கா. இங்கிலீஷ் எழுத்து ஒண்ணுக்கு ஒரு இடம் போதும். தமிழுக்கு மூணு வேணும். கொம்பு, கால், புள்ளி, இதுக்கெல்லாம்கூடத் தனித்தனியா மூணு.”

“புள்ளிக்குமா?”

“புள்ளிக்கும்.”

“பஸ்ல சின்னப் புள்ளைக்கே அரை டிக்கெட்டுதாங்க. நம்ம புள்ளிக்கு மூணு டிக்கெட்டா? யாருங்க கண்டக்டர்?”

நான் சிரிக்கவில்லை. எனக்கு அப்போது தீர்வு தெரிந்திருந்தது. கோப்புகளுக்கு எண் கொடுத்துவிடலாம், 0001-லிருந்து தொடங்கி. எந்த எண் எந்தப் பாடம் என்று ஒரு பட்டியல் போட்டுவிடலாம். எந்த மென்பொருளும் எண்ணைக் குழப்பாது.

“அழகாப் பண்ணிடலாமே” என்றார் சார். “பட்டியலைப் பெரிய எழுத்துல பிரின்ட் எடுத்து, லேமினேட் பண்ணி, ஒவ்வொருத்தருக்கும் கார்டோட சேர்த்து அனுப்பிடுவோம். கிழியாது பாருங்கோ.”

 அவர் சிரிக்க ஆரம்பித்தார். கையில் இருந்த டீ மடியில் கொட்டுகிற அளவுக்குச் சிரித்தார். “லேமினேட்டா! கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கும் சார். தடவிப் பார்க்க வழவழன்னு நல்லாருக்கும்.”

சார் நெற்றியில் அடித்துக்கொண்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். பட்டியல் யோசனை என்னுடையது. நான்கு மாதமாக அந்த அறைக்கு வந்து போன என் யோசனை.

“நம்பர் வேணாங்க” என்றார் அவர், சிரிப்பை நிறுத்திவிட்டு. “போன் ஒண்ணு, ரெண்டுன்னு ஆயிரம் வரைக்கும் சொல்லிட்டே போகும். அதுல குடவோலை எங்க இருக்குன்னு நான் எப்படித் தேடுவேன்? உங்களுக்குப் பேருங்கிறது ஒட்டின சீட்டு. எங்களுக்கு அதுதான் கதவு. கதவை எடுத்துட்டு வீட்டு நம்பரை மட்டும் சொன்னா எப்படி உள்ள போறது?”

இதைக் கேட்ட பிறகும் நான் செய்ததைத்தான் இப்போது சொல்ல வேண்டும்.

சர்வரில் இடம் கொடுத்தவர்கள் அந்த மாதத்துக்குள் ஏற்றிவிடச் சொல்லியிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை அவர் மாதிரித் தேர்வு எழுதப் போயிருந்தார். சார், “இப்போதைக்கு நம்பராப் போட்டு ஏத்திடேன்மா, அப்புறம் அவளைச் சமாதானப்படுத்திக்கலாம்” என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். சிறிய நிரல் ஒன்று எழுதினேன். எல்லாக் கோப்புகளையும் வரிசையாக எடுத்துப் பெயரை நீக்கிவிட்டு எண் கொடுக்கும். ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு பிரதி எடுக்க இடம் இல்லை. அதனால் அசலிலேயே ஓட்டினேன். எந்தப் பெயர் எந்த எண் ஆனது என்று அது திரையில் சொல்லிக்கொண்டே போனது. முடிந்ததும் திரையில் அந்த ஜன்னலை மூடினேன். திரையில் ஓடியதைச் சேமித்து வைக்க நிரலில் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. காய்கறி வாங்கப் போனாலும் பட்டியல் எழுதிக்கொண்டு போகிற நான், வாழ்க்கையில் பட்டியல் இல்லாமல் செய்த ஒரே வேலை அதுதான்.

இழந்தது தெரியாமலே அன்று மாலை எல்லாவற்றையும் சர்வரில் ஏற்றி, புதிய கார்டுகளையும் நிரப்பி, கூரியருக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். தேர்வுக்கு முப்பத்து நான்கு நாள் இருந்தது.

புதன்கிழமை அலுவலகத்தில் இருந்தபோது அவர் அழைத்தார். குரலில் கோபம் இல்லை.

“இன்ஜினியர் மேடம், நானூத்தி பன்னெண்டுன்னா என்னங்க?”

எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாதது போல், “எது அக்கா?” என்றேன்.

“தொட்டியத்துல இருந்து ஒரு பொண்ணு பேசினாங்க. வாழைக்காரங்க வீட்டுப் பொண்ணு, கைக்குழந்தை இருக்கு. குழந்தை தூங்கற நேரத்துல மட்டும் படிக்கிறவங்க. கார்டைப் போட்டா போன் நானூத்தி பன்னெண்டு, நானூத்தி பதிமூணுன்னு சொல்லுதாம். திறந்தா அறிவியல், அடுத்தது திறந்தா உளவியல். குழந்தை முழிச்சிக்கிற வரைக்கும் தேடியிருக்காங்க. நீங்க சொல்லுங்க, நானூத்தி பன்னெண்டு என்ன?”

“தெரியல அக்கா.”

“தெரியலயா, சொல்ல மாட்டீங்களா?”

“தெரியல. பட்டியல் எடுக்கல.”

அவர் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். அவர் எனக்கு முன்பே வந்திருந்தார். கணினியின் குரல் அவருடைய வழக்கமான வேகத்தில் இல்லை, எனக்கும் புரிகிற வேகத்தில் ஓடியது. வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார். “நானூற்றுப் பதினான்கு. நானூற்றுப் பதினைந்து. நானூற்றுப் பதினாறு.” நான் கதவருகிலேயே நின்றேன். சார் கீழேயிருந்து வந்து எனக்குப் பின்னால் நின்றார்.

நான் இரவெல்லாம் யோசித்து வைத்திருந்த வழிகளை ஒப்பித்தேன். ஒன்று, வாசித்தவர்களிடமே கேட்டு அசல்களைத் திரும்ப வாங்கலாம். ஆனால் பலர் போனிலிருந்து அழித்திருப்பார்கள், முன்பு அனுப்பிய கார்டுகளோ ஆளுக்குச் சில பாடங்களாகச் சிதறிக் கிடந்தன. இரண்டு, பாடவாரியாக மட்டும் பிரித்துவிட்டுத் தேர்வு வரை சமாளிக்கலாம். மூன்று,

“நிறுத்துங்க” என்றார். ஒரு கோப்பைத் திறந்தார். தில்லை நகர் அம்மாளின் குரல் வந்தது. “வரலாறு, சோழர்கள், ஊராட்சியும் குடவோலை முறையும், பகுதி மூன்று, பயிற்சிக் கேள்விகளுடன்.” பிறகு இரண்டு எண்ணுகிற அளவுக்கு மௌனம். பாடம் தொடங்குவதற்கு முன் அவர் நிறுத்திவிட்டார்.

“கழண்டு விழுந்தா என்ன பண்றதுன்னு கேட்டேன்ல?”

சாருக்கு ஒரு கணம் கழித்துத்தான் விளங்கியது. “பெருமாளே” என்றார்.

“உக்காருங்க. நான் சொல்றேன், நீங்க அடிங்க. தமிழ்ல.”

“நான் தனியாப் பண்ணிடறேன் அக்கா. நீங்க படிங்க. பரீட்சைக்கு ஒரு மாசம்தான் இருக்கு.”

“நீங்க ஒவ்வொண்ணா மெதுவாக் கேட்டு, அடிச்சு, சரிபார்த்து முடிக்கிறதுக்குள்ள பரீட்சை முடிஞ்சு ரிசல்ட்டும் வந்துடும். எனக்கு ஒரு ஃபைலுக்கு மூணு செகண்டு போதும்.”

சார் தயங்கித் தயங்கிச் சொன்னார். “அம்மா, தப்பா எடுத்துக்காதீங்கோ. கார்டு வாங்கறவாளும் நீங்களும் ஒரே பரீட்சைதானே எழுதறேள்? இருக்கிற இடமும் கொஞ்சம். உங்க நேரத்தைக் கொடுத்து அவாளை...”

“அதனால?”

சார் டீ வாங்கி வரக் கீழே இறங்கிப் போனார்.

பதினொரு நாள் ஆனது. நான் அலுவலகத்தில் இருந்த விடுப்பை எல்லாம் எடுத்துவிட்டேன். காலை பத்து மணிக்கு உட்காருவோம், ஐந்து மணிக்கு எழுந்திருப்போம். அவர் தனக்குப் பழகிய வேகத்தில் ஓடவிட்டு, பெயரை எனக்காக மெதுவாகச் சொல்வார். நான் தட்டச்சு செய்ததும் கணினி அதைப் படித்துக் காட்டும். அவர் தலையசைத்தால்தான் அடுத்தது. ஒரு காற்புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடிப்பார், குரல் அந்த இடத்தில் மூச்சு விடாமல் ஓடிவிடும் என்பதால். நான் சுருக்க முயன்றபோதெல்லாம் மாட்டினேன்.

“‘பயிற்சிக் கேள்விகளுடன்’ எங்க?”

“சர்வருக்கு நீளமாயிடும் அக்கா.”

“சர்வருக்கு பயிற்சி வேணாம். தொட்டியத்துப் பொண்ணுக்கு வேணும். போடுங்க.”

அந்தப் பதினொரு நாளில் அவர் என்னை ஒரு முறைகூடத் திட்டவில்லை. மன்னித்ததாகவும் சொல்லவில்லை. ஒன்பதாவது நாள் பஜ்ஜிப் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினார். நான் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்றுவரை முடிவு செய்யவில்லை. பசியாக இருந்தது, சாப்பிட்டேன்.

முடித்த அன்று மாலை புதிய கார்டுகளை எடுத்துக்கொண்டு இருவருமாகச் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கூரியர் கடைக்குப் போனோம். ஜீயபுரத்துக்கு மூன்று, தொட்டியத்துக்கு ஒன்று, மற்ற ஊர்களுக்கு ஒரு கட்டு. அனுப்புகிறவர் என்ற இடத்தில் தன் பெயரைத்தான் போட வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். மேசைக்குப் பின்னால் இருந்தவர் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

“அவங்க பேரு என்னங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் பதில் வந்தது. “பேரு எங்கிட்டதான் இருக்குங்க. எங்கிட்ட கேளுங்க.”

கடைக்காரர் கேட்டார். அவர் சொன்னார், இன்ஷியலோடு, எழுத்துக் கூட்டி. கடைக்காரர் எழுதி முடித்ததும், “எழுதினதைப் படிங்க” என்றார் இவர். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் முனகினார்கள். கடைக்காரர் படித்தார்.

சென்னைக்காரர்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. நாங்கள் மறுபடி ஏற்றியதில் பெயர்கள் மீண்டும் தமிழுக்கு மாறிவிட்டதைக் கவனித்திருக்கிறார்கள். இனி ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டுமே அனுமதி, அது அவர்களுடைய விதி. பதிலை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அதன் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது:

“எங்களிடம் படிப்பவர்களுக்குப் பெயர் காதில் விழ வேண்டும். உங்கள் கணினியால் ஒரு தமிழ்ப் பெயரைத் தாங்க முடியவில்லை என்றால், அது பெயரின் குறை இல்லை. சரி செய்துவிட்டு எழுதுங்கள். அதுவரை எங்கள் கார்டுகள் கூரியரில் போகும்.”

“ஃப்ரீயாக் கொடுக்கறா அம்மா” என்றார் சார், பரிதாபமாக.

“ஃப்ரீயாக் கொடுக்கிற சட்டைன்னா ஒரு கையை வெட்டிக்கிட்டுப் போட்டுக்கணுமா சார்?”

நான் அனுப்பும் பொத்தானை அழுத்தினேன்.  

மூன்று வாரம் பதில் இல்லை. பிறகு அங்கிருந்து ஓர் இளைஞர் நேராக எனக்கு எழுதினார். இதுவரை யாரும் இதைக் குறை என்று சொன்னதில்லை, எண் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள், எங்கே திருத்த வேண்டும் என்று காட்ட முடியுமா என்று கேட்டார். காட்டினேன். சர்வர் தன் வசதிக்கு உள்ளே என்ன எண்ணை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். முழுப் பெயரை வேறோர் இடத்தில் குறையாமல் காப்பாற்றி வைத்து, கேட்பவர் இறக்கும்போது அந்தப் பெயரோடு அனுப்பட்டும். சிறிய வேலைதான். இரண்டு பேர் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்தோம். அவரிடம் சொன்னபோது, “உள்ள என்ன கூத்து வேணா அடிங்க. வெளிய வரும்போது என் பேரோட வரணும்” என்றார்.

அதற்குள் தேர்வு முடிந்திருந்தது.

முடிவுகள் வந்த நாள் நான் மாடியறையில் இருந்தேன். தொட்டியத்துப் பெண் தேறியிருந்தார். ஜீயபுரத்தில் ஒருவர் தேறியிருந்தார். இவர் தேறவில்லை. இரண்டு மதிப்பெண்.

தொட்டியத்துப் பெண் போனில் அழுதுகொண்டே நன்றி சொன்னார். இவர், “அழாதீங்க, குழந்தை முழிச்சிக்கும்” என்று சொல்லி வைத்தார்.

நான் எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். முப்பத்து நான்கு நாளில் பதினொன்று. அந்தப் பதினொரு நாளும் அவர் படித்திருந்தால் இரண்டு மதிப்பெண் வந்திருக்காதா? கேட்டுவிட்டேன்.

“கணக்குப் போடாதீங்க” என்றார். “அந்த ரெண்டு மார்க்கு எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும். ஒரு ஆத்தோட பேரைக் கேட்டிருந்தான். ஞாபகம் வரல. வெளிய வந்து பஸ் ஏறினதும் வந்துச்சு.” போனைப் பைக்குள் போட்டார். “பேர் மறந்துபோய்த் தோத்தேன். எனக்கு இது வேணும்.”

நான் அதை நம்பவில்லை. இன்றும் நம்பவில்லை. ஒரு கேள்வியால் தோற்றவர் அவ்வளவு வேகமாகப் பதில் தயாராக வைத்திருக்க மாட்டார். நான் கேட்பேன் என்று தெரிந்து வைத்திருந்த பதில் அது. எனக்காக அவர் சொன்ன ஒரே பொய் என்று அதைக் குறித்து வைத்திருக்கிறேன். வருத்தப்படு என்று சொல்லியிருந்தால் வருத்தப்பட்டு முடித்திருப்பேன். அவர் அந்த வசதியையும் கொடுக்கவில்லை.

அதற்கடுத்த தேர்வு வர இரண்டு வருடம் ஆனது. அதில் தேறி, இப்போது அரியலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வரலாறு நடத்துகிறார். வருகைப் பதிவின்போது பிள்ளைகளை எண் வைத்துக் கூப்பிடுவதில்லை, முழுப் பெயர்தான் என்று சார் சொன்னார். சார் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்கும்.

நான் திருச்சியை விட்டுச் சென்னைக்குக் கிளம்பியபோது அவரிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். ஒரு பென் டிரைவை நீட்டினார். அதில் ஒரே ஒரு கோப்பு. அதன் பெயர்: ‘இந்தப் பெயரைச் சுருக்கவோ மாற்றவோ எண்ணாக்கவோ யாருக்கும் உரிமை இல்லை, முழுதாக வந்து சேர்ந்ததா என்று கேட்டுவிட்டுப் பாடத்தைத் தொடங்கவும், பகுதி ஒன்று’.

“இருநூத்தி அம்பத்தஞ்சைத் தாண்டுதான்னு நீங்களே எண்ணிப் பார்த்துக்கோங்க. உங்களுக்குத்தான் பட்டியல் பிடிக்குமே” என்றார். தாண்டியது. நன்றாகவே தாண்டியது.

இது எட்டு வருடத்துக்கு முந்தைய கதை. எங்கே வேலைக்குப் போனாலும் அந்தக் கோப்பை எடுத்துக்கொண்டு போகிறேன். சென்ற மாதம் எங்கள் குழு ஒரு மென்பொருளை வெளியிட இருந்தது. மக்கள் தங்கள் ஆவணங்களை ஏற்றி வைப்பதற்கான மென்பொருள். வெளியிடும் முன் நான் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். நிரலில் ஒரு வரி இருந்தது. கோப்பின் பெயரில் ஆங்கிலமும் எண்ணும் தவிர வேறு எது வந்தாலும் நீக்கிவிடு என்றது. அந்த வரி எனக்கு நன்றாகத் தெரியும். கிட்டத்தட்ட அதே வரியை நான் என் கையால் எழுதியிருக்கிறேன்.

அவருடைய கோப்பை ஏற்றினேன். இரண்டு காற்புள்ளியும் வெற்றிடமும்கூட மிஞ்சவில்லை. பெயர் முழுவதும் போய், ‘.mp3’ மட்டும் நின்றது.

கூட்டத்தில் அதைத் திரையில் காட்டினேன்.

“இப்படியெல்லாம் யாருங்க பேர் வைப்பாங்க?” என்றார் அந்த வரியை எழுதிய பையன். நல்லவன், வேலை தெரிந்தவன். “லட்சத்துல ஒருத்தர் இருப்பாங்களா? அடுத்த வெளியீட்டுல பார்த்துக்கலாமே மேடம். இப்ப நிறுத்தினா ரெண்டு வாரம் தள்ளிப் போகும்.”

நான் கோப்பை ஓடவிட்டேன். அவருடைய குரல் அறை முழுக்க வந்தது. முதலில் முழுப் பெயர், ஒரு சொல் குறையாமல். பிறகு மௌனம். ஒன்று. இரண்டு.

“பாடம் ஒண்ணும் இல்லைங்க. பேர் மட்டும்தான். இதை உள்ள விடாத எடத்துல நீங்க ஒப்புதல் போடாதீங்க.”

நான் போடவில்லை.